விலை கூடிய கேமிங் லப்டொப்: வன்னிச் சூட்டுக்கு எதை வாங்கலாம்?

கிளிநொச்சியில் லப்டொப் திருத்தும் வேலை செய்கிறேன். விலை கூடிய கேமிங் லப்டொப் வாங்க நினைப்பவர்கள் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். விலையை டொலரில் சொல்கிறேன். ரூபா விலை கடைக்குக் கடை மாறும், ஆனால் ஒரு கிராபிக்ஸ் கார்ட்டுக்கும் (கேமின் படத்தை வரையும் சிப், கீழே வெறும் ‘கார்ட்’ என்கிறேன்) அதற்கு மேல் உள்ளதற்கும் இடைப்பட்ட வித்தியாசம் விளங்கினால் போதும்.

அறிவியல் நகர், பொறியியல் பீட மாணவர்: அண்ணா, 5070 ரி.ஐ., 5080, 5090 மூன்றில் எதை எடுக்கலாம்? கேமும் விளையாட வேணும், மெஷின் லேர்னிங் புரொஜெக்ட்டும் இருக்கு.

தம்பி, இந்த எண்கள் என்விடியா கொம்பனியின் கார்ட்டுகளின் பெயர்கள். 2025 ஜனவரியில் அது அறிவித்த தொடக்க விலைகள் இவை: 5070 ரி.ஐ. உள்ள லப்டொப் 1,599 டொலர், 5080 உள்ளது 2,199, 5090 உள்ளது 2,899. நல்ல திரையும் நல்ல குளிரூட்டலும் உள்ளவை இதைவிடக் கூடத்தான் போகும்.

5080க்கும் 5090க்கும் 700 டொலர் வித்தியாசம். அந்தக் காசுக்குக் கேமில் கிடைக்கும் கூடுதல் வேகம் பெரும்பாலும் பத்துப் பதினைந்து வீதம்தான். 5090இல் 10,496 கூடா கோர் (கார்ட்டுக்குள் கணக்குப் போடும் சின்னப் பகுதிகள்), 5080இல் 7,680. ஆனால் இரண்டுக்கும் போகும் மின்சாரத்தின் உச்சம் ஒன்றேதான்: 150 வாட், சிபியுவுக்கு (லப்டொப்பின் முதன்மைச் சிப்) வேலை குறைந்த நேரத்தில் இன்னும் 25 சேர்த்து 175. கோர் கூடினாலும் பங்கிட்டுக் கொடுக்க வாட் இல்லாததால் ஒவ்வொன்றும் மெதுவாக ஓடுகிறது. டெஸ்க்டொப் 5090 என்பது வேறு ஆள். அதில் 21,760 கோர், 575 வாட். பெயர் ஒன்று என்பதற்காக இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடாதீர்கள்.

5090 எடுக்க ஒரே நல்ல காரணம் அதன் 24 ஜி.பி. நினைவகம். 5080இல் 16, 5070 ரி.ஐ.யில் 12. உங்கள் மெஷின் லேர்னிங் மொடல் 16 ஜி.பி.க்குள் அடங்காது என்று உறுதியாகத் தெரிந்தால் 5090 எடுங்கள். இல்லையென்றால் 5080 தாராளம். காசு இடித்தால் 5070 ரி.ஐ. போதும். வெறும் 5070இல் 8 ஜி.பி.தான், இந்த விலைக்கு அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

வவுனியா: இரண்டு லப்டொப்பிலும் 5080தான். மெல்லியதுதான் விலை கூட. அப்போ அதுதானே வேகமானது?

இல்லை, பெரும்பாலும் மறுவளம். 5080ஐ 80 வாட்டிலும் ஓட்டலாம், 150 வாட்டிலும் ஓட்டலாம். எவ்வளவு கொடுப்பது என்பதை லப்டொப் செய்த கொம்பனிதான் தீர்மானிக்கிறது. மெல்லிய உடம்பில் சூடு வெளியேற இடமில்லை, ஆகவே வாட்டைக் குறைத்துவிடுவார்கள். முழு வாட்டில் ஓடும் 5070 ரி.ஐ., பட்டினி கிடக்கும் 5080க்குக் கிட்ட வந்துவிடும்.

லெனோவோ லீஜன் புரோ 7ஐ, ஏசஸ் ஸ்கார் போன்ற தடித்த வகைகள் 175 வாட் வரை கொடுக்கும். ரேசர் பிளேட் 16இன் 2025 மொடல் 15 மில்லிமீற்றர் தடிப்பில் 160 வரை கொடுக்கிறது. திறமையான வேலைதான், ஆனால் அந்த மெல்லிய உடம்புக்கும் அலுமினியத்துக்கும் சேர்த்துத்தான் காசு கட்டுகிறீர்கள். அதோடு அதன் றாம் மதர்போர்ட்டோடு ஒட்டியது, பிறகு கூட்ட முடியாது. ஏசஸ் செஃபிரஸ் ஜி16உம் அப்படித்தான்.

விபரத்தாளில் ‘மேக்சிமம் கிராபிக்ஸ் பவர்’ என்ற வரியைத் தேடுங்கள். அந்த வரியே இல்லையென்றால் கடைக்காரரிடம் கேட்டு, எண்ணைக் கையில் வாங்கிய பிறகு காசைப் பற்றிப் பேசுங்கள்.

புதுக்குடியிருப்பு, ஒரு அம்மா: மகன் இரவில் விளையாடுகிறான். அந்த இரைச்சலில் சின்னவள் நித்திரை கொள்ளுறாள் இல்லை. சத்தமில்லாத லப்டொப் இருக்கா?

முழு வேகத்தில் ஓடும்போது சத்தமில்லாதது இல்லை அக்கா. 175 வாட் கார்ட்டும் அதன் சிபியுவும் சேர்ந்தால் 200 வாட்டுக்கு மேல் சூடு. அதைச் சின்ன விசிறிகள்தான் வெளியே தள்ள வேண்டும். ‘டர்போ’ நிலையில் பெரும்பாலானவை 50 டெசிபலைத் தாண்டும். ‘சைலன்ட்’ நிலையில் 40க்குள் வரும். பத்து டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரட்டிப்புச் சத்தமாகக் கேட்கும்.

ஆனால் புது லப்டொப் வாங்காமலே குறைக்கலாம். விசிறியின் சத்தம் சுற்று வேகத்தோடு நேர் அளவில் ஏறுவதில்லை, பாய்ந்து ஏறும். வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் காற்று அந்த ஐந்தில் ஒன்றுதான் குறைகிறது, சத்தமோ ஐந்து டெசிபலை அண்டிக் குறைந்துவிடும். கார்ட்டிலும் இதே கதைதான். கடைசி முப்பது நாற்பது வாட்டில் கிடைக்கும் வேகம் கொஞ்சம், சூடு நிறைய.

மகனிடம் மூன்று வேலை சொல்லுங்கள். டர்போவை நிறுத்தி நடு நிலையில் விடட்டும். பிறேம் வேகத்தை (ஒரு செக்கனில் வரும் படங்களின் எண்ணிக்கை) 90 அல்லது 100க்குக் கட்டட்டும். 240 பிறேம் ஓடுவதற்காகத்தான் அந்த விசிறி கத்துகிறது. அப்புறம் டி.எல்.எஸ்.எஸ்.ஐ (படத்தைச் சிறிதாக வரைந்து பெருப்பித்து, கார்ட்டின் வேலையைக் குறைக்கும் வசதி) ‘குவாலிட்டி’யில் போடட்டும். கேம் அநேகமாக முன்போலவே இருக்கும், பக்கத்து அறையில் சத்தம் நன்றாகக் குறையும்.

மாங்குளம்: யூடியூப்பில் 75 பாகை என்று காட்டுகிறார்கள். எனக்கு அதே லப்டொப் 90ஐத் தாண்டுது. பிழையான பொருளைத் தந்துவிட்டார்களா?

பொருள் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அவர்கள் சோதித்தது குளிரூட்டிய அறையில். நீங்கள் ஓட்டுவது சீற் போட்ட வீட்டில், பின்னேரம் மூன்று மணிக்கு. அறையின் சூடு பத்துப் பாகை கூடினால், அதே விசிறி வேகத்தில் உள்ளே உள்ள சிப்பும் ஏறக்குறைய பத்துப் பாகை கூடும். லப்டொப் விமர்சனங்களில் நம் ஆட்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். குளிர் நாட்டில் தலை தப்பிய மெல்லிய லப்டொப், இங்கே சித்திரை வெயிலில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வன்னிக்குத் தடித்த உடம்பை எடுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

அடுத்தது புழுதி. கிரவல் ரோட்டுக்கு அருகில் உள்ள வீட்டில் இருந்து வரும் லப்டொப்பின் அடிமூடியைக் கழற்றினால், விசிறிக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவே செம்மண் நிறத்தில் ஒரு படலம் நிற்கும். நகத்தால் ஓரத்தைக் கிளப்பினால் கம்பளித் துண்டு போல ஒரே தாளாக உரிந்து வரும். வெளியில் இருந்து பார்த்தால் அது தெரியாது, விசிறி முன்போலத்தான் சுற்றும், ஆனால் காற்று போக வழியில்லை. சோளகம் பெயர்ந்து வீசும் மாதங்களில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது துப்புரவு செய்யுங்கள். புளோவர் அடிக்கும்போது விசிறியை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள், சுழல விட்டால் அதன் பேரிங் போய்விடும். 2025 ஸ்கார் மொடல்களின் அடிமூடியைத் திருப்புளி இல்லாமலே திறக்கலாம். எங்கள் ஊருக்கு அது நல்ல வசதி.

ஆனால் தூசி தட்டுவதோடு நிறுத்துங்கள். ஏசஸின் உயர் வகைகளில், சூட்டை மேலே உள்ள செம்புத் தகட்டுக்குக் கடத்த, சிபியுவின் மேல் திரவ உலோகம் பூசியிருக்கும். அது மின்சாரம் கடத்தும், ஒரு துளி போர்ட்டில் சிந்தினால் கதை முடிந்தது. அந்தச் செம்புத் தகட்டை வீட்டில் கழற்ற வேண்டாம். அதற்குப் பதிலாகச் சாதாரண பேஸ்ட் பூசியதென்றால், காயும்போது பீ.ரி.எம். 7950 என்ற தாளை வைக்கக் கேளுங்கள். அது 45 பாகையில் இளகி இடைவெளியை நிரப்பும், சாதாரண பேஸ்ட் போல ஓரத்துக்கு வழிந்து போகாது.

துணுக்காய்: மாமா கனடாவில் இருந்து வருகிறார். அங்கே வாங்கிக் கொண்டு வரலாமா?

மின்னழுத்தம் பிரச்சினை இல்லை. சார்ஜரில் 100 முதல் 240 வோல்ட் என்று எழுதியிருக்கும், எங்கள் 230க்கு ஓடும். வயரை மட்டும் இங்கத்தைய பிளக் உள்ளதாக மாற்றுங்கள். கனமான வயராகக் கேட்டு வாங்குங்கள், இந்த சார்ஜர்கள் 330 முதல் 400 வாட் வரை உள்ளவை. விமானத்தில் 100 வாட் மணி வரையுள்ள பேட்டரிக்குத் தனி அனுமதி தேவையில்லை. பெரிய லப்டொப்கள் 99 சொச்சத்தோடு நிற்பது அதனால்தான். கைப்பையில் கொண்டுவரச் சொல்லுங்கள்.

யோசிக்க வேண்டியது வொறண்டியை. அந்த மொடலுக்கு அது இலங்கையிலும் செல்லுமா என்று மாமா காசு கட்டுவதற்கு முன் எழுத்தில் கேட்க வேண்டும். செல்லாது என்றால், போர்ட் போனால் முழுச் செலவும் உங்கள் தலையில். விலை வித்தியாசம் நன்றாக இருந்தால் ஒழிய நான் இங்கேயே வாங்குவேன்.

ஒட்டுசுட்டான்: கரண்ட் போனால் பேட்டரியில் விளையாடலாமா?

விளையாடலாம், ஆனால் கார்ட் தன் வாட்டில் பாதிகூட எடுக்காது, ஒரு மணித்தியாலம் ஓடினால் பெரிது. கரண்ட் போய் வரும் நேரத்து அடிதான் சார்ஜரைக் கெடுக்கிறது. மின்னல் அடிக்கும் ஐப்பசி, கார்த்திகையில் பிளக்கைக் கழற்றிவிட்டுப் பேட்டரியில் வேலை செய்யுங்கள்.

நெடுங்கேணி: 4கே திரை எடுக்கவா?

16 அங்குலத் திரைக்கு 2560க்கு 1600 புள்ளிகள் போதும். 4கே போட்டால் கார்ட் திணறும், விசிறி கத்தும். எம்.எஸ்.ஐ. டைட்டன் 18 போன்ற பெரிய திரையில்தான் 4கேயின் அழகு தெரியும், அதுவும் மூன்றரைக் கிலோவுக்கு மேல்.

பரந்தன்: பாவித்த 4080, 4090 லப்டொப் குறைந்த விலைக்கு வருகிறது. நம்பலாமா?

இவை இதற்கு முந்திய வரிசைக் கார்ட்டுகள், நல்லவை. 4080இல் 12 ஜி.பி., 4090இல் 16 ஜி.பி. 5070 ரி.ஐ. புதிதாக வாங்கும் விலையைவிட நன்றாகக் குறைந்தால் யோசிக்கலாம்.

ஆனால் விற்பவரின் வீட்டில் அரை மணித்தியாலம் பாரமான கேம் ஒன்றை ஓட விடுங்கள். எச்.டபிள்யு. இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு, கார்ட் எடுக்கும் வாட்டைக் கவனியுங்கள். தொடக்கத்தில் 150 காட்டி, பத்து நிமிடத்தில் 90க்கு இறங்கினால் உள்ளே அடைப்பு அல்லது பேஸ்ட் காய்ந்திருக்கிறது. அதைத் திருத்தலாம், விலையைக் குறைத்துக் கேளுங்கள். விசிறி கரகரத்தால் அதற்கும் குறைக்கலாம். திரையில் கோடு, புள்ளி பறந்தாலோ, கேம் ஓடும்போது தானாக அணைந்தாலோ, எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காமல் வாருங்கள்.