காட்டன் ஃபில்டரைக் கழுவி மாட்டினேன், இன்ஜின் விளக்கு எரிகிறது!

ஏர் ஃபில்டர் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்போம்.

தாராபுரம் வாசகர்: சார், என்னிடம் 2016 மாடல் டீசல் ஸ்விஃப்ட் இருக்கிறது. கம்பெனி பேப்பர் ஃபில்டரை எடுத்துவிட்டு, கழுவிக் கழுவிப் பயன்படுத்தும் சிவப்பு காட்டன் ஃபில்டர் போட்டிருக்கிறேன். போன மாதம் நானே கழுவி, எண்ணெய் அடித்து மாட்டினேன். மறுநாளே பிக்கப் குறைந்து செக் இன்ஜின் விளக்கும் எரிய ஆரம்பித்தது. ஸ்கேன் பண்ணியதில் பி0101 என்று வந்தது. சென்சார் போய்விட்டது, புதுசு போடணும் என்கிறார் மெக்கானிக். போட்டுவிடவா?

பொறுங்கள், இப்போதைக்குப் பணத்தை எடுக்க வேண்டாம். பி0101 என்றால், உள்ளே போகும் காற்றை அளக்கும் சென்சார் சொல்லும் அளவு வண்டியின் இன்ஜின் கம்ப்யூட்டருக்கு நம்பும்படி இல்லை என்றுதான் அர்த்தம், சென்சார் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஃபில்டர் பெட்டியைத் தாண்டியதும் குழாயில் இருக்கிறதே, அதுதான் இந்த சென்சார். அதற்குள் இருக்கும் சின்னக் கம்பியோ தகடோ மின்சாரத்தால் எப்போதும் சூடாக இருக்கும். காற்று படும்போது அது குளிரும், மறுபடி சூடாக்க எவ்வளவு மின்சாரம் பிடிக்கிறது என்பதை வைத்துத்தான் எவ்வளவு காற்று போகிறது என்று கணக்குப் போடுகிறார்கள். நீங்கள் ஃபில்டரில் எண்ணெயைத் தாராளமாக அடித்திருந்தால், இழுக்கிற காற்றோடு கொஞ்சம் எண்ணெயும் போய் அதன்மேல் படிந்திருக்கும், அதில் தூசியும் ஒட்டியிருக்கும். அப்புறம் காற்று அதைச் சரியாகக் குளிர வைக்காது, உள்ளே போவதைவிடக் குறைவாகவே காற்று போகிறது என்று சென்சார் சொல்லும், கம்ப்யூட்டரும் அதை நம்பி டீசலைக் குறைக்கும். பிக்கப் குறைந்தது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

இன்ஜினை அணைத்து ஆற விட்டு, சென்சாரைக் கழற்றி, அதற்கென்றே விற்கும் எம்ஏஎஃப் கிளீனர் ஸ்ப்ரேயை அடியுங்கள். கார்புரேட்டர் கிளீனர் அடிக்கக் கூடாது. துணி, பட்ஸ் எதையும் உள்ளே விட்டுத் துடைக்கவும் கூடாது, அந்தக் கம்பி அவ்வளவு மெல்லியது. நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டி, ஸ்கேனரில் அந்தப் பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். சென்சாருக்குப் பிறகு வரும் ஹோஸின் கிளிப் சரியாக இறுகியிருக்கிறதா என்றும் பாருங்கள், அங்கே காற்று கசிந்தாலும் இதே குறியீடு வரும். இவ்வளவும் செய்த பிறகும் விளக்கு திரும்ப வந்தால் அப்போது சென்சார் மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். அதற்கு முன்னால் ஃபில்டரில் கூடுதலாக இருக்கும் எண்ணெயை எடுங்கள், இல்லையென்றால் புது சென்சாருக்கும் இதே கதிதான்.

கரூர் வாசகர்: அப்படியானால் காட்டன் ஃபில்டரைச் சரியாகக் கழுவும் முறை என்ன? எங்கள் ஊர் வாட்டர் சர்வீஸில் கொடுத்தால் பிரஷர் வாட்டர் கன்னால் அடித்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

தயவுசெய்து அங்கே கொடுக்காதீர்கள். இந்த ஃபில்டர் என்பது இரண்டு அலுமினிய வலைகளுக்கு நடுவில் சில அடுக்குகளாக வைத்த மெல்லிய பருத்தித் துணி, அதில் ஊறிய எண்ணெய்தான் தூசியைப் பிடித்து நிறுத்துகிறது. கன்னின் வேகத்தில் பருத்தி இழை விலகிவிடும். வெளியில் பார்த்தால் பளிச்சென்று இருக்கும், ஆனால் அந்த ஓட்டை வழியாக மண் நேராக இன்ஜினுக்குள் போகும். பஞ்சர் கடை கம்ப்ரஸர் காற்றும் இதே வேலையைச் செய்யும்.

முதலில் லேசாகத் தட்டி, ஒட்டாத தூசியை உதிர்த்துவிடுங்கள். இந்த ஃபில்டருக்கென்று விற்கும் கிளீனிங் கிட்டில் வரும் கிளீனரை இரண்டு பக்கமும் அடித்து ஒரு 10 நிமிடம் ஊற விடுங்கள், அதன்மேலேயே காய விட்டுவிடக் கூடாது. பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம், ஓரத்து ரப்பர் உப்பிவிடும். துணி சோப்புத் தூளும் வேண்டாம், அதன் காரம் அலுமினிய வலையை அரிக்கும். பிறகு குழாய்த் தண்ணீரை மெதுவாகத் திறந்துவிட்டு, இன்ஜினைப் பார்க்கும் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் போகிற மாதிரி அலசுங்கள். இந்தத் திசைதான் முக்கியம், மாற்றிப் பிடித்தால் வெளியே இருக்கும் அழுக்கைச் சுத்தமான பக்கத்துக்கு நாமே தள்ளிவிடுகிறோம்.

அப்புறம் காய வைப்பது. பெரும்பாலானவர்கள் அவசரப்படுவது இங்கேதான். ஹேர் டிரையர், ஹீட்டர் எதுவும் வேண்டாம், சூட்டில் பருத்தி சுருங்கும். நிழலில் காற்றோட்டமாக ஒரு ராத்திரி முழுக்க வையுங்கள், மழைக்காலமென்றால் இன்னும் ஒரு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈரம் இருக்கும்போது எண்ணெய் அடித்தால் அது எல்லா இடத்திலும் பிடிக்காது. அதுவரை வண்டி வேண்டுமே என்றால் பழைய பேப்பர் ஃபில்டரை மாட்டி ஓட்டுங்கள், அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதற்காகத்தான். ஃபில்டரே இல்லாமல் கடைவீதிவரை கூடப் போகக் கூடாது.

ஃபில்டருக்கென்றே விற்கும் எண்ணெயை அடிக்கும்போது ஒவ்வொரு மடிப்பின் மேலும் நீளவாக்கில் ஒரே ஒரு தடவை அடித்தால் போதும். 20 நிமிடம் விட்டுவிட்டுப் பாருங்கள், எண்ணெயில் நிறம் கலந்திருப்பதால் எங்கே வெளுத்திருக்கிறதோ அங்கே மட்டும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம். கூடிவிட்டது என்று தோன்றினால் பழைய செய்தித்தாள் மேல் ஒரு ராத்திரி நிறுத்தி வையுங்கள், மிச்சத்தைத் தாள் உறிஞ்சிவிடும். இன்ஜின் ஆயில், தேங்காய் எண்ணெய் எல்லாம் ஊற்றியவர்கள் இருக்கிறார்கள், அது வேண்டவே வேண்டாம். இன்னொன்று, எண்ணெயே இல்லாத செயற்கை இழை ஃபில்டர்களும் இப்போது கிடைக்கின்றன. அவற்றைக் கழுவிக் காய வைத்து மாட்டுவதோடு சரி, அதில் எண்ணெய் அடித்துவிடாதீர்கள்.

தேனி வாசகர்: எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை கழுவலாம்? நான் ஒவ்வொரு சர்வீஸுக்கும் கழுவுகிறேன்.

அவ்வளவு தேவையே இல்லை. இந்த வகை ஃபில்டரைப் பெரிய அளவில் விற்ற கலிஃபோர்னியாவின் கே அண்ட் என் நிறுவனமே, சாதாரண நெடுஞ்சாலை ஓட்டத்துக்கு 50,000 மைல், அதாவது சுமார் 80,000 கிலோமீட்டர் வரை போகலாம் என்கிறது. நம் ஊர் மண்ணுக்கும் குவாரிப் பாதைக்கும் அந்தக் கணக்கு சரிப்படாது, அதனால் 10,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை திறந்து பாருங்கள். பார்ப்பது வேறு, கழுவுவது வேறு. அழுக்குக்கு நடுவில் வலைக் கம்பி இன்னும் கண்ணுக்குத் தெரிகிறது என்றால் மூடிவிட்டுப் போய்விடலாம். கொஞ்சம் தூசி படிந்த ஃபில்டர் இன்னும் நன்றாகவே தூசி பிடிக்கும், ஒவ்வொரு தடவை கழுவும்போதும்தான் நாம் எதையாவது கெடுக்க வாய்ப்பு இருக்கிறது. திறக்கும்போது ஃபில்டருக்குப் பின்னால் இருக்கும் குழாயின் உள்பக்கத்தை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் மண் வந்தால் ஓரத்து ரப்பர் சரியாக உட்காரவில்லை அல்லது ஃபில்டரின் பருத்தி கிழிந்திருக்கிறது, அந்த ஃபில்டரை அதற்குமேல் நம்ப வேண்டாம். உள்ளே போகும் மணல் சிலிண்டரைத் தேய்க்கும், டீசல் வண்டியென்றால் டர்போவின் இலைகளையும் சேர்த்துத் தேய்க்கும்.

நாகர்கோவில் வாசகர்: கம்பெனி பேப்பர் ஃபில்டரையும் இப்படிக் கழுவலாமா?

கூடாது. நனைந்தால் பேப்பர் கெட்டுவிடும். புதிது வாங்கிப் போடுங்கள், விலையும் அதிகமில்லை.

சேலம் வாசகர்: காட்டன் ஃபில்டர் போட்டால் மைலேஜ் கூடும் என்கிறார்களே?

அதற்காக மட்டும் வாங்குவதாக இருந்தால் வாங்காதீர்கள். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் சோதித்துப் பார்த்தபோது, கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் பெட்ரோல் கார்களில் அடைத்துப்போன ஃபில்டரால் கூட மைலேஜ் குறிப்பிடும்படி மாறவில்லை, பிக்கப்தான் குறைந்தது. அடைத்த ஃபில்டருக்கே இப்படியென்றால் நல்ல பேப்பர் ஃபில்டரை மாற்றி என்ன மைலேஜ் கிடைத்துவிடும்?

வேளச்சேரி வாசகர்: பெட்டியையே எடுத்துவிட்டு, கீழே பம்பருக்குள் கூம்பு ஃபில்டர் வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் என்ன பராமரிப்பு?

வேளச்சேரியில் இருந்துகொண்டு கேட்கிறீர்கள், அதனால் நேராகவே சொல்கிறேன். அக்டோபர் பிறக்கும் முன் பழைய பெட்டியை மாட்டிவிடுங்கள், தை பிறந்ததும் கூம்பைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். அவ்வளவு கீழே இருக்கும் ஃபில்டர், தேங்கிய தண்ணீரில் இறங்கியதுமே காற்றுக்குப் பதில் தண்ணீரை இழுக்கும். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது அதைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்து இன்ஜினையே இறக்க வேண்டிய நிலை வரும். மேலே போடும் துணி உறை தெறிக்கும் தண்ணீருக்குத்தான், முங்கினால் அது காப்பாற்றாது. தண்ணீருக்குள் வண்டி நின்றுவிட்டால் மறுபடி சாவியைத் திருப்பாதீர்கள், எத்தனை பேர் பின்னால் ஹாரன் அடித்தாலும் சரி. தள்ளி ஓரம் கட்டி, இழுத்துக்கொண்டு போய், பிளக்குகளைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.