குஞ்சோடு ஒரு தாய்க்கோழி வாங்குங்கள்

கேள்வி: மேலூர் பக்கம் வீடு கட்டிக் குடிவந்திருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் நாலு சென்ட் காலி இடமும் ஒரு வேப்பமரமும் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு நாட்டுக்கோழி முட்டை கொடுக்கக் கோழி வளர்க்க ஆசை. கணவர் கருங்கோழி வாங்கலாம் என்கிறார், என் தம்பி கிராமப்ரியா குஞ்சு 50 வாங்கு என்கிறான். எதை வாங்க? இதுவரை கோழி வளர்த்ததே இல்லை.
- ஒரு வாசகி

பதில்: இரண்டும் வேண்டாம் தங்கச்சி. நம்ம ஊர் சிறுவிடைக் கோழி வாங்குங்கள், அதுவும் பத்து நாள் குஞ்சுகளோடு இருக்கிற ஒரு தாயாகப் பார்த்து வாங்குங்கள்.

கிராமப்ரியா முட்டைக்காகவே உருவாக்கிய கோழி இனம், நிறைய முட்டை போடும், அது உண்மை. ஆனால் அடை படுக்காது, அதாவது முட்டை மேல் உட்கார்ந்து குஞ்சு பொரிக்காது. ஒரு நாள் குஞ்சாக 50 வாங்கினால் முதல் இரண்டு மூன்று வாரம் ராத்திரியும் பகலும் பல்பு வெளிச்சத்தில் சூடு கொடுத்து நீங்கள்தான் தாயாக இருக்க வேண்டும், ஒரு ராத்திரி கரண்ட் போனால் காலையில் குஞ்சுகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கிக் கிடக்கும். கருங்கோழி மத்தியப் பிரதேசத்து ஜாபுவா பக்கத்துக் கோழி, நல்ல இனம்தான், ஆனால் விலை அதிகம், கலப்பையும் அதே பேரில் விற்கிறார்கள். முதல் தடவைக்கு அந்தப் பணத்தைப் போட வேண்டாம்.

சிறுவிடை ஒரு ஈட்டுக்கு, அதாவது ஒரு தடவை தொடர்ந்து போடுகிற முட்டைக் கணக்கில், பன்னிரண்டு, பதினைந்து முட்டை போட்டு அடைக்கு உட்கார்ந்துவிடும். முட்டை குறைவுதான். ஆனால் தாய் இருந்தால் சூடு, இரை பொறுக்கப் பழக்குவது, பருந்து நிழல் தெரிந்ததும் குரல் கொடுத்துக் குஞ்சுகளை இறக்கைக்குள் இழுப்பது எல்லாம் அவள் வேலை. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாலே பாதி பாடம் வந்துவிடும். ஒரு பழைய பானையில் கிழிந்த சாக்கும் காய்ந்த சாணியும் திணித்துத் தண்ணீர் தெளித்து, சாயங்காலம் கரையான் இருக்கிற இடத்தில் கவிழ்த்து வையுங்கள். விடிந்ததும் பானையைத் தூக்கி உதறினால் வெள்ளை வெள்ளையாகக் கரையான் கொட்டும், குஞ்சுகள் கால் வைக்க இடமில்லாமல் மொய்க்கும். அதோடு நொய், கம்பு, கீரைத்தண்டு போதும். தண்ணீர் மட்டும் நிழலில் எப்போதும் இருக்க வேண்டும்.

உண்மையான எதிரி வெள்ளைக்கழிச்சல் என்கிற கோழித் தொற்றுநோய். ஒரு சித்திரையில் சந்தையில் ஒரு சேவலை வாங்கி வந்து அன்றைக்கே கூட்டத்தோடு விட்டேன். நாலாம் நாள் ஒரு வெடைக்கோழி கழுத்தை முறுக்கிக்கொண்டு நின்றது, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தது, அந்த வாரம் முடிவதற்குள் பதினாலு கோழியைக் குழி தோண்டிப் புதைத்தேன். வந்த பிறகு மருந்து கிடையாது. அதனால் குஞ்சு பொரித்த 7-ஆம் நாள் கண்ணிலோ மூக்கிலோ தடுப்பு மருந்து ஒரு சொட்டு, 8-ஆவது வாரம் இறக்கையில் தடுப்பூசி, இரண்டையும் தவறவே கூடாது. வாங்குகிற இடத்தில் சொட்டு விட்டாயிற்றா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டு உடனே போட்டுவிடுங்கள். ஒரு குப்பி மருந்து நிறைய கோழிகளுக்கு வரும் என்பதால் பக்கத்து வீடுகளையும் சேர்த்துக்கொள்வது நல்லது. அப்புறம், புதிதாக எது வந்தாலும் இரண்டு வாரமாவது தனியாகக் கட்டி வைத்த பிறகே மற்றவற்றோடு விட வேண்டும்.

கூட்டுக்கு அரை அங்குலக் கண் வலை போடுங்கள். பெரிய கண் வலையில் கீரிக்குட்டியும் பாம்பும் சுலபமாக நுழையும். சேவல் ஒன்று போதும், அதுவும் குஞ்சு எடுக்கத்தான். வெறும் முட்டைக்குச் சேவலே தேவையில்லை.

வாங்கும்போது கோழியைக் கையில் தூக்கிப் பின்பக்கம் பாருங்கள், எச்சம் ஒட்டியிருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். சாயங்காலம் கொண்டுவந்து இருட்டியதும் கூட்டில் விடுங்கள். மூன்று நாள் உள்ளேயே தீனியும் தண்ணீரும் வையுங்கள். நாலாம் நாள் பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது திறந்துவிட்டால், வேப்பமரத்தடியைக் கிளறிவிட்டு இருட்டுவதற்குள் தாய் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு கூட்டுக்கு வந்துவிடும்.