லீவுல பையன் போனும் கையுமா இருக்கான்னு கேட்ட சிஸ்டருக்கு

சிஸ்டர், தண்டையார்பேட்டைல ஒரே ரூம் வீடு, 8 வயசு பையன் காலைலருந்து போனை கீழ வெக்கமாட்டேங்குறான், சம்மர் கேம்ப்புக்கு 4000 கட்ட வழியில்லன்னு எழுதியிருந்தீங்க. கேம்ப் இல்லேன்னு மனசு கஷ்டப்படாதீங்க.

நான் ராயபுரம். போன லீவுல எங்க பாப்பாவுக்கு பாரிஸ் கார்னர் ஆண்டர்சன் தெருல கட்டிங் வேஸ்ட் பேப்பர் வாங்கியாந்து போட்டேன், கூட காசிமேட்டுல உடைஞ்ச மீன் பொட்டி தெர்மாக்கோல், மைதா பசை, அவ்ளோதான் (தெர்மாக்கோல நல்லா கழுவி ரெண்டு நாள் வெயில்ல வைங்க, இல்லேன்னா வீடே நாறும்). மொத நாள் போர் அடிக்குதுன்னு ஒரே அழுகை, நான் எதுவும் சொல்லித்தரல, மூணாம் நாள் பாத்தா ஒரு லாஞ்சு (மீன்பிடி படகு) செஞ்சு ஐஸ்குச்சில கொடிமரம் நட்டு பக்கவாட்டுல எங்க வீட்டு டோர் நம்பரை போட்டு வெச்சிருக்கா! நான் சொல்லிக் குடுத்திருந்தா அந்த டோர் நம்பர் வந்திருக்குமா சொல்லுங்க. அதனால கோணலா இருந்தாலும் நீங்க கை வெக்காதீங்க, எப்டிடா பண்ணேன்னு மட்டும் கேளுங்க.

வெயில் தாழ ராயபுரம் ஸ்டேஷனுக்கு கூட்டிட்டுப் போங்க, 1856ல தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் கிளம்புன இடம், அந்த தூணுங்கள காட்டி அன்னிக்கு நீ ஏறியிருந்தா பக்கத்துல யாரு உக்காந்திருப்பான்னு கேட்டு விடுங்க, அவன் சொல்ற கதைய அப்டியே எழுதிக்கோங்க.

போனை ஒரேயடியா புடுங்காதீங்க, செஞ்சத போட்டோ எடுக்க குடுங்க. ரூம் மூலைல ஒரு சாக்கு விரிச்சு, இது உன் இடம், அம்மா இத பெருக்க மாட்டேன்னு சொல்லிடுங்க, அது ரொம்ப முக்கியம்.