விளம்பரம் கூடாது, விலாசம் தெரியலாம்

கேள்வி: பெங்களூருவில் நான்கு ஆண்டுகளாகக் குடும்ப நீதிமன்ற வழக்குகள் நடத்துகிறேன். அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள்தான் அதிகம் வருகிறார்கள். மாதம் 40,000 ரூபாய் கொடுத்தால் ‘பெங்களூருவின் நம்பர் ஒன் டைவர்ஸ் லாயர்’ என்று கூகுளில் மேலே கொண்டுவருவதாகவும், ரீல்ஸ் போடுவதாகவும் ஒரு ஏஜென்சி சொல்கிறது. ஒத்துக்கொள்ளலாமா?
– வழக்கறிஞர் வாசகி, பெங்களூரு

பதில்: வேண்டாம். வழக்கறிஞர் தொழிலை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் விதி 36, வழக்கறிஞர் நேரடியாகவோ மறைமுகமாகவோ விளம்பரம் செய்வதையும் தன்னிடம் வழக்கு தரும்படி கேட்பதையும் தடுக்கிறது. வழக்கறிஞர்களைப் பட்டியலிட்டு விற்கும் இணையதளங்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் உத்தரவிட்டது. நடிகர்கள், இன்ஃப்ளூயன்சர்களை வைத்துச் செய்யும் வீடியோ விளம்பரத்தை பார் கவுன்சில் 2025 மார்ச்சில் கண்டித்தது. புகார் வந்தால் பார் கவுன்சில் ஏஜென்சியை விசாரிக்காது. வழக்கறிஞர்கள் சட்டம் 35ஆம் பிரிவின் கீழ் கர்நாடக பார் கவுன்சிலுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். சன்னது, அதாவது வழக்கறிஞராகத் தொழில் செய்யும் உரிமை, பறிபோகும் வரை அது செல்லலாம்.

சொந்த இணையதளம் வைத்துக்கொள்ள 2008 முதல் அனுமதி உண்டு. பெயர், முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல், பதிவு எண்ணும் தேதியும், பார் கவுன்சில், சங்கம், படிப்பு, நடத்தும் வழக்கு வகைகள்: போடலாம் என்று விதி சொல்வது இவ்வளவுதான். ‘சிறந்த’, ‘நிச்சயம் வெற்றி’, ‘இத்தனை வழக்கு ஜெயித்தவர்’ எதுவும் கூடாது. கூகுள் தேடலிலும் மேப்பிலும் அலுவலக விவரம் காட்டும், கட்டணமில்லாத கூகுள் பிசினஸ் புரொஃபைலிலும் அதே அளவோடு நில்லுங்கள். பெயர் இருக்கும் இடத்தில் ‘டைவர்ஸ் லாயர் அல்சூர்’ என்று சொற்களைத் திணித்தால் கூகுளே புரொஃபைலை முடக்கலாம்.  பெயர், முகவரி, எண் மூன்றும் தளத்திலும் புரொஃபைலிலும் எழுத்து பிசகாமல் ஒன்றாக இருக்கட்டும்.

ஏஜென்சிகள் யோசிக்காத விஷயம் ஒன்று உண்டு. அதை நீங்கள் மறந்துவிடக் கூடாது. விவாகரத்து பற்றித் தேடும் பெண் பெரும்பாலும் அதே வீட்டில், சில சமயம் கணவரும் எடுத்துப் பார்க்கும் போனில்தான் தேடுகிறார். தளத்துக்கு வந்தவரை அடையாளம் வைத்து, பிறகு விளம்பரம் காட்ட உதவும் சிறு நிரலான விளம்பர பிக்சலைத் தளத்தில் பதித்தால், அவர் பார்த்துவிட்டுப் போன விஷயம் இரவில் குழந்தை பார்க்கும் டேப்லெட்டில் விளம்பரமாக வந்து நிற்கலாம். பிக்சலே வேண்டாம். பிரவுசர் தாவலில் தெரியும் தலைப்பில் ‘விவாகரத்து’ என்ற சொல் இல்லாமல் உங்கள் பெயர் மட்டும் வரட்டும். தொடர்புப் படிவத்தில் மூன்று கேள்வி போதும்: பெயர், எந்த எண்ணில் பேசலாம், எந்த நேரத்தில் பேசலாம். பிரச்சினையை எழுதச் சொல்லாதீர்கள். படிவம் அனுப்பியதும் தானாகப் போகும் வாட்ஸ்அப் பதிலை நிறுத்திவிடுங்கள். நீங்கள் திரும்ப அழைக்கும்போது வேறு யாராவது போனை எடுத்தால் ‘வக்கீல் ஆபீஸ்’ என்று சொல்லாமல் வைத்துவிட வேண்டும் என்று ஜூனியரிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

தளத்தில் சட்ட விளக்கம் எழுத ஆசைப்பட்டால், விதியின் பட்டியலில் கட்டுரை இல்லை என்பதை நினைவில் வையுங்கள். பத்திரிகையில் எழுதுவது பாதுகாப்பு. ‘உடனே அழையுங்கள்’ என்று முடித்தால் அதுவும் வழக்கு கேட்பதுதான். எழுத விஷயத்துக்குக் குறைவில்லை. கிருஷ்ணகிரியில் கல்யாணம் நடந்திருந்தாலும், மனைவி பெங்களூருவில் குடியிருந்தால் அவர் இங்கேயே மனு போட முடியும். இந்து திருமணச் சட்டம் 19ஆம் பிரிவு வழிவிடுகிறது. இது தெரியாமல் ஊருக்கும் பெங்களூருக்கும் அலைபவர்கள் உண்டு. பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனு போட்டபின் வரும் ஆறு மாதக் காத்திருப்பை உரிய காரணம் இருந்தால் நீதிமன்றம் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொல்லியிருக்கிறது. ஆனால் உங்கள் கட்சிக்காரரின் கதையைப் பெயர் மாற்றிக்கூட எழுதாதீர்கள். இந்து திருமணச் சட்டம் 22ஆம் பிரிவு அந்த நடவடிக்கைகளை வெளியிடுவதைத் தடுக்கிறது. மேலும் சொந்தக்காரர்கள் இரண்டு வரியிலேயே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கூகுளில் நல்ல விமர்சனம் போடச் சொல்லி யாரையும் கேட்காதீர்கள், காசுக்கும் வாங்காதீர்கள். யாராவது திட்டி எழுதினால் கோபம் வரும். ‘உங்கள் ஜீவனாம்ச மனுவில் நீங்கள்தான் ஆவணம் தரவில்லை’ என்று பதில் போட்டால், அவர் உங்கள் கட்சிக்காரர் என்பதும் அவர் என்ன வழக்குப் போட்டார் என்பதும் ஊருக்கே தெரிந்துவிடும். ‘தொழில் ரகசியம் காரணமாக இங்கே பதில் சொல்ல இயலாது. அலுவலகத்தில் நேரில் பேசலாம்’ என்பதற்கு மேல் ஒரு சொல்லும் எழுத வேண்டாம்.