ஆட்டோ ஏசியின் வெயில் சென்சார்: கேள்வி பதில்

சேலம்: பழைய கொரோலா. ஆட்டோ, ரீசர்க்குலேஷன் (உள்காற்றையே சுற்றவிடுவது) பட்டன்களை அழுத்திக்கொண்டே சாவியைத் திருப்பினால் 21 என்ற பழுது எண் (கோடு) காட்டுகிறது. வெயில் சென்சார் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடவா?

பதில்: வெயில் எவ்வளவு அடிக்கிறது என்று ஆட்டோ ஏசிக்குச் சொல்வதுதான் இந்த சென்சார்; அதைப் பார்த்து ஏசி குளிரையும் ஃபேன் வேகத்தையும் மாற்றும். எங்கே நிறுத்திப் பார்த்தீர்கள்? ஷெட்டுக்குள் என்றால் நல்ல சென்சாரும் 21 காட்டும். உள்ளே இருப்பது போட்டோடயோடு. வெளிச்சம் பட்டால்தான் கரண்ட் ஓடும். இருட்டில் ஓடாததையும் வயர் அறுந்து ஓடாததையும் ஏசி கம்ப்யூட்டருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. காரை வெயிலில் நிறுத்தி மறுபடி பாருங்கள். மழை நாளென்றால் 60 வாட் குண்டு பல்பைக் கிட்டே பிடியுங்கள். டியூப்லைட்டில் இன்ஃப்ராரெட் போதாது.

அப்போதும் 21 வந்தால், வயரையும் பார்த்துவிட்டு மாற்றலாம். முன்கண்ணாடி ஓரம் டேஷ்போர்டில் இருக்கும் சின்னக் கறுப்பு மூடிதான் சென்சார். டேப் சுற்றிய ஸ்குரூடிரைவரால் மெல்ல நெம்பினால் வந்துவிடும். கனெக்டரைக் கழற்றுவதற்கு முன் வயரை டேஷ்போர்டோடு டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். அது உள்ளே நழுவினால் டேஷ்போர்டையே பிரிக்க வேண்டிவரும்.

திருச்சி: மல்டிமீட்டரை ஓம்ஸில் (மின்தடை அளவில்) வைத்து சென்சாரைப் பார்த்தேன், மீட்டர் அசையவில்லை.

பதில்: ஓம்ஸை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். கனெக்டர் மாட்டியபடியே வோல்டேஜ் பாருங்கள். துணியால் மூடித் திறந்தால் மாற வேண்டும். ஏறுமா இறங்குமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு.

மதுரை: அடுக்குமாடி பார்க்கிங்கில் 21 வருகிறது...

பதில்: சேலத்துக்காரருக்குச் சொன்னதுதான். வெயில்!

ஈரோடு: ஏசி சுத்தமாகக் குளிரவில்லை.

பதில்: அதற்கு இந்த சென்சார் காரணமாக இருக்காது. ஏசி கடைக்குப் போங்கள்.

கரூர்: வேறு மாடலின் சென்சாருக்கும் பிளக் ஒத்துப்போகிறது. போடலாமா?

பதில்: வேண்டாம். சிலவற்றில் ஆட்டோ ஹெட்லைட் சென்சாரும் சேர்ந்திருக்கும். பார்ட் நம்பர் பார்த்து வாங்குங்கள். வயரை டேப் போட்டு ஒட்ட மறக்காதீர்கள்.

நாகர்கோவில்: உச்சி வெயிலிலும் ஃபேன் வேகம் ஏறவில்லை. 21 என்ற பழுது எண்ணும் வரவில்லை.

பதில்: டேஷ்போர்டு மேல் என்ன இருக்கிறது?

நாகர்கோவில்: வெல்வெட் விரிப்பு, பிள்ளையார்.

பதில்: சென்சார் விரிப்புக்கு அடியில் இருக்கும். அந்த இடத்தில் வெட்டிவிடுங்கள், பிள்ளையாரைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

தஞ்சாவூர்: ஏசிக்காகச் சாமியை நகர்த்துவதா? என் காரிலும் பிள்ளையார் இருக்கிறார், ஏசி ஜோராக ஓடுகிறது.

பதில்: உங்கள் காரில் சென்சார் வேறு மூலையில் இருக்கும். அவரை வெளியேற்றச் சொல்லவில்லையே ஐயா, நாலு விரல் தள்ளத்தான் சொன்னேன்.

நாகர்கோவில்: அப்படியானால் இடது பக்கம், பயணி சீட்டுக்கு நேரே வைக்கிறேன்.

பதில்: அங்கே கூடவே கூடாது! அது ஏர்பேக் மூடி. விரிந்தால் சிலை முகத்துக்கே பறந்து வரும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தஞ்சாவூர்: ஐயோ, எங்களுடையவர் அங்கேதான் இருக்கிறார். ஒட்டிய பசையை எப்படி எடுப்பது?

பதில்: ஹேர் டிரையரில் இளஞ்சூடு காட்டி, நூலை அடியில் விட்டு அறுங்கள். தின்னர் வேண்டாம், பிளாஸ்டிக் கெட்டுவிடும்.