லினக்ஸுக்குப் புதிது. டெர்மினலில் எல்லாவற்றையும் முழுசாக டைப் செய்கிறேன். அடிக்கும் கமாண்டுகளை வாங்கி ஓட்டும் புரோகிராமை ஷெல் என்கிறார்கள், என்னிடம் இருப்பது பேஷ். அதை விட்டுவிட்டு ஃபிஷ், இசட்-ஷெல் என்று வேறு ஷெல்லுக்கு மாறிவிடலாமா?

மாறலாம், ஆனால் இப்போதே வேண்டாம். உங்களுக்கு வேண்டிய வசதிகளில் முக்கால்வாசி பேஷிலேயே இருக்கின்றன, யாரும் காட்டித் தரவில்லை, அவ்வளவுதான். நாளைக்கே எஸ்எஸ்எச் (தொலைவில் உள்ள கம்ப்யூட்டருக்குள் நுழையும் வழி) மூலம் ஏதாவது சர்வருக்குள் போனால் அங்கே பெரும்பாலும் பேஷ்தான் காத்திருக்கும்.

டேப் கீ தெரிந்திருக்கும். ஃபைல் பெயரில் நாலு எழுத்து அடித்து டேப் தட்டினால் மீதியை அதுவே நிரப்பும். நிரப்பாவிட்டால் இன்னொரு முறை தட்டுங்கள், பொருந்தும் பெயர்கள் பட்டியலாக வரும். அப்போதும் ஒன்றும் வரவில்லையா? எழுத்துப்பிழை இருக்கும், அல்லது நிற்கும் ஃபோல்டரே தப்பு. நேரம் மிச்சமாவதைவிட இந்தச் சரிபார்ப்புக்காகத்தான் நான் டேப்பை விடாமல் தட்டுகிறேன்.

அடுத்தது கண்ட்ரோல்-ஆர். ஒன்றே ஒன்றுதான் கற்க முடியும் என்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். போன வாரம் ஃபைல்களை நகலெடுக்க நீளமாக ஒரு ஆர்சிங்க் கமாண்ட் கொடுத்தீர்கள், இன்று அதே வேண்டும். மேல் அம்புக்குறியை அழுத்திக்கொண்டே உட்கார வேண்டாம். கண்ட்ரோல்-ஆர் அழுத்தி, அந்தக் கமாண்டில் நினைவிருக்கும் துண்டு எதையாவது அடியுங்கள். பேக்கப் ஃபோல்டரின் பெயர் போதும். கடைசியாக அது வந்த வரி தெரியும். அது இல்லையென்றால் மறுபடி கண்ட்ரோல்-ஆர், இன்னும் பழையது வரும். கிடைத்ததும் என்டர் தட்டினால் உடனே ஓடிவிடும், அதனால் திருத்த வேண்டியிருந்தால் வலது அம்புக்குறியை அழுத்திவிட்டுத் திருத்துங்கள். விட்டுவிட கண்ட்ரோல்-ஜி.

ஆர் பக்கம் போன விரல் தவறி கண்ட்ரோல்-எஸ் பட்டால் திரை உறைந்தது போல் நின்றுவிடும். பதறாதீர்கள், கண்ட்ரோல்-க்யூ அழுத்தினால் சரியாகிவிடும்.

இதெல்லாம் ஹிஸ்டரியை, அதாவது நீங்கள் அடித்த கமாண்டுகளின் பதிவை, நம்பி நடக்கிறது. உபுண்டுவில் அது தொடக்கத்தில் நினைவகத்தில் 1000 வரி, ஃபைலில் 2000 வரிதான். பேஷின் அமைப்புகள் இருக்கும் டாட் பேஷ்ஆர்சி (.bashrc) ஃபைலில் இரண்டு எண்களையும் தாராளமாகக் கூட்டிவிடுங்கள். ஷெல்லை மூடும்போதுதான் ஹிஸ்டரி ஃபைலில் ஏறும், அதனால் பக்கத்து விண்டோவில் இப்போது அடித்ததை இந்த விண்டோவில் தேடினால் கிடைக்காது. அப்புறம், கமாண்டுக்கு முன்னால் ஒரு ஸ்பேஸ் விட்டால் உபுண்டுவில் அது ஹிஸ்டரியில் பதிவாகாது. பாஸ்வேர்டு கலந்த வரிகளுக்கு உதவும்.

வரிக்குள் நடமாட கண்ட்ரோல்-ஏ தொடக்கத்துக்கும், கண்ட்ரோல்-இ முடிவுக்கும் கொண்டுபோகும். கண்ட்ரோல்-டபிள்யூ ஒரு சொல்லை வெட்டும், கண்ட்ரோல்-ஒய் வெட்டியதை ஒட்டும். எனக்கு மிகவும் பிடித்தது ஆல்ட்-புள்ளி. நீளமான பெயரில் ஃபோல்டர் உருவாக்கிவிட்டு, ஃபோல்டருக்குள் போக சிடி (cd) என்று அடித்து ஸ்பேஸ் விட்டு ஆல்ட்-புள்ளி தட்டினால் அந்தப் பெயர் அப்படியே வந்து விழும். இவை ரீட்லைன் என்ற லைப்ரரியின் வேலை. பிழை தேட உதவும் ஜிடிபி போன்ற வேறு சில புரோகிராம்களும் அதையே பயன்படுத்துவதால் பழகிய விரல் அங்கேயும் செல்லும்.

இவ்வளவும் கைக்கு வந்த பிறகும் ஆசை இருந்தால் ஃபிஷ் போட்டுப் பாருங்கள். தட்டத் தட்ட அது சாம்பல் நிறத்தில் காட்டும் பரிந்துரை எனக்கும் பிடிக்கும். ஆனால் அதன் இலக்கணம் வேறு, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய இணையத்தில் பார்த்து ஒட்டும் ஃபார் லூப் அதில் அப்படியே ஓடாது. இசட்-ஷெல்லில் அந்தத் தொல்லை குறைவு. மேக்கில் 2019இல் வந்த கேட்டலினா முதல் அதுதான் டிஃபால்ட்.