‘புட் ஓஃப்’ என்றால் தள்ளிப்போடுவது மட்டும்தானா?

கேள்வி: யாழ் நகரில் ஒரு தனியார் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். போன கிழமை மேலாளர் அனுப்பிய மின்னஞ்சலில் ‘த கிளையன்ட் வோஸ் புட் ஓஃப் பை அவர் லெற்றர்’ என்று இருந்தது. புட் ஓஃப் என்றால் தள்ளிப்போடுவது என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தேன். வாடிக்கையாளர் சந்திப்பைத் தள்ளிப்போட்டுவிட்டார் என்று நினைத்து, ‘அடுத்த கிழமை சந்திக்கலாம், பிரச்சினை இல்லை’ என்று பதில் போட்டுவிட்டேன். மேலாளர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நான் விட்ட பிழை என்ன? இந்தச் சொல்லுக்கு எத்தனை கருத்து? இதற்குப் பதிலாக எவற்றை எழுதலாம்?
— வாசகி, சண்டிலிப்பாய்

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் மேலாளர் சொல்ல வந்தது, ‘எங்கள் கடிதத்தைப் பார்த்ததும் வாடிக்கையாளருக்கு மனம் விட்டுப்போச்சு’ என்பதுதான். கடிதத்தின் தொனியோ, கேட்ட தொகையோ ஏதோ ஒன்று அவரைப் பின்வாங்க வைத்திருக்கிறது. அதில் திகதி பற்றிய பேச்சே இல்லை.

பள்ளிக்கூடத்தில் படித்த கருத்து பிழையில்லை, பாதிதான். கருத்துகளை வரிசையாகப் பாடமாக்க வேண்டாம். வசனத்தில் ‘புட் ஓஃப்’ ஆகிறது எது என்று பாருங்கள். அது ஒரு வேலையோ, கூட்டமோ, பயணமோ என்றால் தள்ளிப்போடுவது. அது ஓர் ஆள் என்றால் பெரும்பாலும் வேறு கருத்து. உங்கள் வசனத்தில் இருப்பது வாடிக்கையாளர், அதாவது ஆள். பக்கத்தில் ‘பை’ என்று காரணமும் வந்திருக்கிறது. இந்த இரண்டையும் கண்டவுடன் திகதியை மறந்துவிட வேண்டும்.

ஆளுக்கு வரும் கருத்துகள் மூன்று. முதலாவது இந்த வெறுப்பு. ‘த ஸ்மெல் புட் மீ ஓஃப் மை ஃபூட்’ என்றால் அந்த மணத்தால் சாப்பாட்டில் மனம் போகவில்லை. கருவாட்டு மணம் பிடிக்காதவர் வாயில் வரக்கூடிய வசனம். இங்கே ‘ஓஃப்’ என்பதற்குப் பிறகு நேராகப் பெயரோ, ‘இங்’ சேர்ந்த வினையோ வரும்: ‘புட் மீ ஓஃப் லேர்னிங்’. நடுவில் ‘ஃப்ரொம்’ போடக்கூடாது. அந்த ‘ஃப்ரொம்’ ‘டிஸ்கரேஜ்’, ‘டிட்டர்’ இரண்டுக்கும் உரியது. அவற்றையும் ஒன்றென எண்ண வேண்டாம். ‘டிஸ்கரேஜ்’ உற்சாகத்தைக் கெடுப்பது. ‘டிட்டர்’ விளைவுக்குப் பயந்து ஒருவரை நிற்கவைப்பது, தண்டப்பணமும் கடிநாயும் செய்கிற வேலை. ‘டிஸ்கஸ்ட்’ என்பது அரியண்டம். அது மிகவும் கடுமையானது, வாடிக்கையாளர் பற்றிய கடிதத்தில் எழுத வேண்டாம். பெயரடையாக்கும்போது சொல் முன்பின்னாகப் புரண்டு ‘ஓஃப்-புட்டிங்’ ஆகிவிடும். ‘ஹிஸ் டோன் வோஸ் ஓஃப்-புட்டிங்’ என்றால் அவர் பேசிய தோரணை பிடிக்கவில்லை.

இரண்டாவது, பிராக்காட்டுவது. ‘டோன்ட் புட் மீ ஓஃப், ஐ ஆம் கவுண்டிங்’. நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன், பிராக்காட்டாதை. பிரித்தானிய ஆங்கிலத்தில் அதிகம் கேட்கும் பாவனை இது. மாற்றுச்சொல் ‘டிஸ்ட்ரக்ட்’.

மூன்றாவது, சாட்டுச் சொல்லி இழுத்தடிப்பது. கடன் வாங்கியவர் ஒவ்வொரு முறையும் ஒரு சாட்டோடு திருப்பி அனுப்பினால் ‘ஹீ கீப்ஸ் புட்டிங் மீ ஓஃப் வித் எக்ஸ்கியூசஸ்’. இங்கே ‘வித்’ தான் அடையாளம். மாற்றுச்சொல் ‘ஸ்டோல்’. ஆளோடு ‘டில்’ அல்லது ‘அன்டில்’ வந்தால் திகதி திரும்பி வருகிறது: விருந்துக்கு வர இருந்தவர்களை ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்று சொல்வதும் ‘வீ புட் தெம் ஓஃப் டில் சண்டே’ தான்.

இனி, தள்ளிப்போடும் கருத்து. ‘போஸ்ட்போன்’ லத்தீன் வழி வந்தது: ‘போஸ்ட்’ பின்னால், ‘பொனேரே’ வைத்தல். எங்கள் பேச்சில் தள்ளிப்போடுகிறோம், அறிவித்தலில் ஒத்திவைக்கிறோம். ‘புட் ஓஃப்’ தள்ளிப்போடுவது, ‘போஸ்ட்போன்’ ஒத்திவைப்பது என்று வைத்துக்கொண்டால் எங்கே எதை எழுதுவது என்ற குழப்பம் வராது. வாடிக்கையாளருக்கு எழுதும்போது ‘போஸ்ட்போன்’ எழுதுங்கள். சொந்த வேலையைப் ‘புட் ஓஃப்’ செய்தேன் என்றால் செய்ய மனமில்லாமல் விட்ட சாயலும் அதில் ஒட்டிக்கொள்ளும். புதுத் திகதி கையில் இருந்தால் ‘ரீஷெடியூல்’ இன்னும் நல்லது. பணம் கட்டுவதையோ ஒரு முடிவையோ பிற்போடுவதற்கு ‘டிஃபர்’. ‘டிலே’ வேறு: கொழும்பில் இருந்து வரும் ரயில் பிந்தினால் அது ‘டிலேட்’, ‘போஸ்ட்போன்ட்’ அல்ல. யாரும் திட்டமிட்டுப் பிற்போடவில்லையே. ‘கோல் ஓஃப்’ என்றால் கூட்டமே இல்லை, அடியோடு கைவிட்டாயிற்று. இதையும் ‘புட் ஓஃப்’ என்பதையும் மாறி எழுதினால் ஆட்கள் வெறும் மண்டபத்துக்கு வந்து நிற்பார்கள், அல்லது வரவேண்டிய நாளில் வரமாட்டார்கள். முன்னுக்குக் கொண்டுவருவதற்கு எங்கள் பக்கத்தில் புழங்கும் ‘பிரிபோன்’ தெற்காசியாவில் விளங்கும். வெளிநாட்டவருக்கு ‘பிரிங் ஃபோர்வர்ட்’ என்றே எழுதுங்கள்.

அமைப்பில் விழும் பிழைகள் மூன்று. இறந்தகாலமும் ‘புட்’ தான். ‘புட்டட்’ எழுதினால் பிழை. ‘இட்’, ‘தெம்’ போன்ற சிறு சொல் நடுவில்தான் நிற்கும்: ‘புட் இட் ஓஃப்’ சரி, ‘புட் ஓஃப் இட்’ பிழை. ‘மீற்றிங்’ போன்ற பெயர் என்றால் நடுவிலும் வரலாம், பின்னாலும் வரலாம். அடுத்து வினை வந்தால் ‘இங்’ சேரும்: ‘ஐ புட் ஓஃப் கோயிங் டு த டென்டிஸ்ட்’. ‘டு கோ’ வராது. இதில் தமிழே கைகொடுக்கிறது. ‘பல் வைத்தியரிடம் போவதைத் தள்ளிப்போட்டேன்’ என்கிறோமே தவிர ‘போகத் தள்ளிப்போட்டேன்’ என்பதில்லை. அந்தப் ‘போவதை’ தான் ‘கோயிங்’. சொல்லும்போது அழுத்தம் ‘ஓஃப்’ மேல் விழ வேண்டும். ‘புட்’ மேல் அழுத்தினால் கேட்பவருக்குச் சட்டென்று பிடிபடாது.

இன்னொன்று, ‘புட் ஓஃப் த லைற்’. பழைய பாவனை, எங்கள் வீடுகளில் இன்றும் உண்டு. மின்விளக்குக்கு ‘ஸ்விட்ச் ஓஃப்’ எழுதுங்கள். குத்துவிளக்கை நூர்ப்பதற்கு ‘புட் அவுட்’.

மேலாளர் பேசட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மனம் விட்ட வாடிக்கையாளரை ஒரு கிழமை அப்படியே விட்டுவைப்பது நல்லதல்ல. இன்றைக்கே இப்படி எழுதுங்கள்: ‘சொறி சேர், ஐ மிஸ்ரெட் யுவர் மெயில். விச் பார்ட் ஒஃப் த லெற்றர் புட் ஹிம் ஓஃப்? ஐ கேன் சென்ட் யூ அ நியூ ட்ராஃப்ட் டுடே.’ உங்கள் மெயிலைப் பிழையாக விளங்கிவிட்டேன், கடிதத்தின் எந்தப் பகுதி அவருக்குப் பிடிக்கவில்லை, இன்றைக்கே திருத்தி அனுப்புகிறேன் என்பது இதன் கருத்து. ‘புட் ஹிம் ஓஃப்’ என்று ‘ஹிம்’ நடுவில் நிற்பதைக் கவனியுங்கள். மன்னிப்பை இதற்கு மேல் நீட்ட வேண்டாம். பதில் வரும்போது பழைய கடிதத்தின் பிரதி கையில் இருக்கட்டும்.